கோங்காவும் கூட்டாளிகளும்: பழைய அறிவியல் புனைவு காமிக்ஸில் ராட்சதக் குரங்குகள்

ஈரக்காடு (இழையைத் தொடங்கியவர்)

1950களிலும் 1960களிலும் வெளிவந்த ராட்சதக் குரங்குக் காமிக்ஸ்களைப் பற்றிப் பேச்செடுத்தால், காமிக்ஸ் பிரியர்களே கூடச் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கதைகளில் சிரிப்பதற்கு நிறையவே இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும், அமெரிக்காவின் சார்ல்டன் நிறுவனம் 1960 முதல் 1965 வரை 23 இதழ்களாக வெளியிட்ட 'கோங்கா'வில், அதிலும் ஜோ கில் எழுதி ஸ்டீவ் டிட்கோ வரைந்த இதழ்களில், அப்படிச் சிரித்துக் கடந்துவிட முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பொறுமையாகப் பேசலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது 1961இல் திரைக்கு வந்த ஒரு பிரிட்டிஷ் படத்தின் உரிமத்தைப் பெற்று உருவான தொடர். படம் வருவதற்கு முன்பே முதல் இதழ் கடைக்கு வந்துவிட்டது. விமான விபத்தில் சிக்கி இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட டெக்கர் என்ற தாவரவியலாளர், உகாண்டாக் காட்டில் ஓராண்டு வாழ்ந்துவிட்டு, ஒரு சிம்பன்சிக் குட்டியோடும் ஊன் உண்ணும் செடிகளோடும் லண்டனுக்குத் திரும்புகிறார். அந்தச் செடிகளிலிருந்து வளர்ச்சியைத் தூண்டும் மருந்து ஒன்றைத் தயாரித்துக் குட்டிக்கு ஊசி போடுகிறார். குட்டி வளர்கிறது; சிம்பன்சியாகத் தொடங்கியது எப்படியோ கொரில்லாவாக வளர்கிறது என்பதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. தம் வழியில் குறுக்கே நிற்பவர்களைக் கொல்வதற்கு டெக்கர் அதை வசியப்படுத்தி அனுப்புகிறார். கடைசியில் மருந்தின் அளவு மீறிப்போக, கட்டடங்களை விஞ்சி வளர்ந்த கோங்காவை இராணுவம் பிக் பென் கோபுரத்தின் அருகே சுட்டு வீழ்த்துகிறது. இறந்த உடல் சுருங்கிச் சுருங்கி மறுபடியும் அந்தச் சிம்பன்சிக் குட்டியாகிக் கிடக்கிறது.

என் வாதம் இந்த முடிவிலிருந்துதான் தொடங்குகிறது. நகரத்தை மிதித்த பூதம் என்று நாம் பயந்து பார்த்தது யாரோ ஒருவர் ஊசி போட்டு வளர்த்த குழந்தை. படம் அதை ஒரு காட்சியில் சொல்லி முடித்துவிட்டது. காமிக்ஸோ கோங்காவை மீண்டும் உயிரோடு கொண்டுவந்து, ஆண்டுக்கணக்கில் ஓட்டி, வேற்றுக்கோளினர், கடலடி உயிரினங்கள், பனிப்போர்க் கால இராணுவங்கள் என்று கண்டவற்றோடெல்லாம் மோதவிட்டது. அத்தனை மோதல்களிலும் கோங்கா தானாகச் சண்டையைத் தேடிப் போவது அரிது. அதை யாரும் விட்டுவைப்பதில்லை என்பதே தொடரின் உண்மையான கதை.

அறிவியல் புனைவு என்று இதனை ஏற்கலாமா, அல்லது காட்டு சாகசக் கதைக்கு ஆய்வுக்கூட அங்கி போர்த்தியதாகக் கொள்ள வேண்டுமா என்பதை நண்பர்கள் சொல்லுங்கள்.

முழநீளம்

ஈரக்காடு அவர்களே, தங்களுடைய அன்பு கோங்காவின் மேல் இருக்கட்டும். ஆனால் அந்தக் காலத்துக் குரங்குக் கதைகளுக்கு அடிப்படை அறிவியலோ இரக்கமோ இல்லை; கடை வியாபாரம் என்பதை முதலில் பதிவு செய்துவிட வேண்டும்.

சூப்பர்மேனை வெளியிடும் டிசி நிறுவனத்தின் 'ஸ்ட்ரேஞ்ச் அட்வென்ச்சர்ஸ்' எட்டாம் இதழ் 1951 மே மாதத் தேதியுடன் வந்தது. அதன் அட்டையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கூண்டுக்குள் ஒரு கொரில்லா, தான் ஒரு பயங்கரமான அறிவியல் சோதனைக்குப் பலியான மனிதன் என்றும், தன்னை நம்ப வேண்டும் என்றும் எழுதி, ரூத் என்ற பெண்ணிடம் காட்டுகிறது. கீழே ரால்ஃப் என்று கையொப்பம் வேறு. பக்கத்தைத் திருப்பாமல் எந்தச் சிறுவனால் அங்கிருந்து நகர முடியும்? அந்த இதழ் வழக்கத்தைக் காட்டிலும் நன்றாக விற்றது. விற்றது ஏன் என்று ஆராய்ந்த மேலிடத்தார், ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸிடம் மீண்டும் குரங்கைப் போடச் சொன்னார்கள். போட்டபோதெல்லாம் விற்பனை ஏறியது. பிறகு நிறுவனத்தின் எல்லா ஆசிரியர்களும் அட்டையில் கொரில்லா கேட்கத் தொடங்கவே, மாதத்துக்கு ஓர் அட்டைக்கு மேல் கொரில்லா கூடாது என்று கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று. இதை ஷ்வார்ட்ஸே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு சொல்லி வந்தார்.

அட்டை முதலில், கதை பிறகு என்பதே அந்தக் காலத்து அறிவியல் புனைவு இதழ்களில் பெருவழக்கம். கொரில்லா நீதிபதியாக அமர்ந்திருப்பதுபோல ஒரு படத்தைத் தீர்மானித்துவிட்டு, அது ஏன் அங்கே அமர்ந்திருக்கிறது என்பதற்குக் காரணம் கண்டுபிடிக்கும் வேலையை எழுத்தாளரிடம் ஒப்படைத்தால், அவர் ஊசியையோ கதிர்வீச்சையோ மூளை மாற்று அறுவையையோ தேடிப் போகாமல் வேறு என்ன செய்வார்? கோங்காவின் ஊசியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அச்சுக்கூடம்

விற்பனைக் காரணம் டிசிக்குப் பொருந்தும். சார்ல்டனுக்கு அது அப்படியே பொருந்தாது. அச்சுத் தொழிலில் இருப்பவன் என்பதால் இந்த நிறுவனத்தின் வரலாறு எனக்குத் தனியாகப் பிடிக்கும். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

சார்ல்டனைத் தொடங்கியவர்கள் ஜான் சாந்தாஞ்சலோ, எட் லெவி என்ற இருவர். சாந்தாஞ்சலோ பாட்டு வரிகளை உரிமையில்லாமல் அச்சிட்டு விற்றதற்காகச் சிறை சென்றவர்; லெவி அங்கே அவருக்கு அறிமுகமான வழக்கறிஞர். வெளியே வந்ததும் இருவரும் சேர்ந்து, இந்த முறை முறைப்படி உரிமை பெற்று, பாட்டு வரி இதழ்களை வெளியிட்டார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் டெர்பி நகரில் ஆசிரியர் அறை, அச்சுத் தட்டு செய்யும் இடம், அச்சு இயந்திரம், விநியோகம் என்று அத்தனையும் ஒரே கூரையின் கீழ் இருந்த நிறுவனம் அது. மற்ற காமிக்ஸ் நிறுவனங்கள் எதற்கும் அந்த வசதி கிடையாது.

சொந்த இயந்திரம் வைத்திருப்பவனுக்கு ஒரு கவலை உண்டு. இயந்திரம் சும்மா நின்றால் நஷ்டம். சார்ல்டனின் காமிக்ஸ் பெரும்பாலும் அந்த இயந்திரத்துக்குத் தீனியாகவே அச்சானது. 1955 ஆகஸ்டில் வந்த பெருவெள்ளத்தில் ஆலை மூழ்கித் தாளும் தட்டுகளும் பாழான பிறகு, ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் கொடுத்த பக்கக்கூலியை இன்னும் குறைத்துவிட்டார்கள். துறையிலேயே மிகக் குறைந்த கூலி கொடுத்தவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அதற்கு ஈடாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று: யாரும் தலையிடமாட்டார்கள். ஜோ கில் தட்டச்சுப்பொறியில் அடித்துத் தள்ளிய பக்கங்களை எவரும் திருத்தவில்லை. டிட்கோ வரைந்து கொடுத்ததை எவரும் திருப்பி அனுப்பவில்லை. அட்டைக்காகக் கதை, விற்பனைக்காகக் குரங்கு என்ற அழுத்தம் அங்கே குறைவு. அதனால்தான் கோங்கா தன் போக்கில் ஒரு சோகமான பாத்திரமாக வளர முடிந்தது என்பேன்.

அச்சின் தரம் மட்டும் கேட்காதீர்கள். தானியப் பெட்டி அட்டைகளை அச்சிடுவதற்காகச் செய்த பழைய இயந்திரத்தில் ஓட்டினார்கள் என்பார்கள். ரிஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடம், விலகி, கோங்காவின் பழுப்பு நிறம் கோட்டைத் தாண்டி வானத்தில் ஒரு விரற்கடை வழிந்திருக்கும். தாள் மங்கலான நியூஸ்பிரிண்ட். கறுப்பு மை சில பக்கங்களில் சாம்பலாகவும் சில பக்கங்களில் தாரைக் கொட்டியது போலவும் விழுந்திருக்கும். டிட்கோவின் மெல்லிய கோடுகள் அதையும் மீறித் தெரிகின்றன என்றால், மனிதர் எவ்வளவு யோசித்து வரைந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். இதே மனிதர்தான் 1962இல் வேறு நிறுவனத்துக்காக ஸ்பைடர்மேனை வரைந்தார். அந்த ஆண்டுகளில் கோங்காவின் பக்கங்களும் அதே மேசையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன.

கணக்கன்

அறிவியல் புனைவா என்று கேட்டுவிட்டதால், அறிவியல் பக்கத்தை ஒருவராவது பேச வேண்டும் அல்லவா?

உயிரியலாளர் ஹால்டேன் 1926இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில் இந்த வழக்குக்குத் தீர்ப்பு ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது. ஓர் உயிரைப் பத்து மடங்கு உயரமாக்கினால் அகலமும் தடிமனும் சேர்ந்து பத்து மடங்காகும். எடை ஆயிரம் மடங்காகும். அந்த எடையைத் தாங்க வேண்டிய எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ நூறு மடங்குதான் கூடும். ஆக, எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் பத்து மடங்கு பாரம் சுமக்க வேண்டும். மனிதத் தொடை எலும்பு ஏறக்குறைய பத்து மடங்கு எடையில் முறிந்துவிடும் என்பதால், கதைகளில் வரும் அரக்கர்கள் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் தொடையை முறித்துக்கொண்டிருப்பார்கள் என்கிறார் ஹால்டேன். வளர்ந்த ஆண் கொரில்லா ஏறத்தாழ 160 கிலோ என்று வைத்துக்கொண்டால், பத்து மடங்கு உயரமான கோங்கா 160 டன். பிக் பென் வரை நடந்து போயிருக்கவே வாய்ப்பில்லை. டெக்கரின் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு எழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

(ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்கே வந்து குடியேறிப் புவனேஸ்வரத்தில் மறைந்தவர். கோங்கா அச்சேறிய நாட்களில் அவர் நம் நாட்டில்தான் இருந்தார்.)

சாப்பாட்டுக் கணக்கையும் யாரும் போடுவதில்லை. கொரில்லா தழையும் தண்டும் தின்கிற பிராணி. ஒரு நாளின் பெரும்பகுதி மெல்லுவதிலேயே கழிந்துவிடும். இதற்கு ஆயிரம் மடங்கு எடை என்றால், லண்டனை மிதிக்க அதற்கு நேரம் ஏது?

ஈரக்காடு

கணக்கன் ஐயா, கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த அளவுகோலைப் பிடித்தால் காலப்பயணக் கதைகள் அத்தனையையும் அலமாரியிலிருந்து இறக்கிவிட வேண்டியிருக்கும். ஊசிமருந்து வேலை செய்யுமா என்பதைவிட, ஊசி போட்டவனுக்கு என்ன பொறுப்பு என்ற கேள்வியை ஒரு கதை எடுத்துப் பேசினால், அதை அறிவியல் புனைவு என்று ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை.

தேன்சிட்டு

வணக்கம். எல்லோரும் குரங்கைப் பற்றிப் பேசுகிறீர்கள். அது வந்த காட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்கு இந்தக் கதைகளில் உறுத்துவது அந்த இடம்தான்.

கோங்கா முதல் இதழ் வந்த 1960ஆம் ஆண்டின் ஜூன் 30ஆம் நாள் காங்கோ விடுதலை பெற்றது. டெக்கர் தொலைந்து போனதாகச் சொல்லப்படும் உகாண்டா 1962 அக்டோபரில் விடுதலை பெற்றது. அங்கே கட்சிகளும் தேர்தல்களும் செய்தித்தாள்களும் மாணவர் சங்கங்களும் இருந்த காலம் அது. காமிக்ஸில் வரும் ஆப்பிரிக்காவிலோ பூசாரிகள், முரசு, ஈட்டி, ஒரு வெள்ளைக்கார ஆய்வாளர் ஆகியவற்றைத் தவிர வேறு ஏதும் இல்லை. இந்தப் படிமம் ஒரே நாளில் வந்ததும் அல்ல. டார்சான் நாளிதழ்த் தொடர் 1929 ஜனவரி 7ஆம் நாள் தொடங்கியது. விண்வெளி வீரர் பக் ராஜர்ஸின் தொடரும் அதே நாளில்தான் தொடங்கியது. காடும் விண்வெளியும் அப்போதே இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்துவிட்டன. பின்னர் ஃபிக்ஷன் ஹவுஸ் நிறுவனம் 1940இல் 'ஜங்கிள் காமிக்ஸ்', 'பிளானெட் காமிக்ஸ்' இரண்டையும் ஒன்றாகத் தொடங்கியபோது, ஒன்றில் புலித்தோல் உடுத்திய வீரனும் மற்றொன்றில் கதிர்த்துப்பாக்கி ஏந்திய வீரனும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள்: பெயர் தெரியாத மக்கள் வாழும் இடத்துக்குப் போய், அவர்களுக்கு நடுவில் நின்று தீர்ப்புச் சொல்வது.

இதற்கு மிகத் துல்லியமான எடுத்துக்காட்டு டிசியின் காங்கோ பில். 1940இல் அறிமுகமான வேட்டைக்காரப் பாத்திரம் அவர். 1959 ஜனவரித் தேதியிட்ட 'ஆக்ஷன் காமிக்ஸ்' 248ஆம் இதழில், சாகும் தறுவாயில் இருக்கும் ஒரு பூசாரித் தலைவர் கொடுத்த மோதிரத்தைத் தேய்த்தால், ஒரு மணி நேரத்துக்குத் தம் மனத்தைப் பொன்னிறக் கொரில்லாவின் உடலுக்குள் செலுத்திக்கொள்ளும் ஆற்றலை அவர் பெறுகிறார். கொரில்லாவின் மனம் அந்த ஒரு மணி நேரம் பில்லின் உடலில் சிக்கிக்கொண்டிருக்கும். காட்டின் மக்கள் மோதிரத்தைத் தருகிறார்கள். காட்டின் விலங்கு உடலைத் தருகிறது. வீரம் மட்டும் வெளியிலிருந்து வந்தவருடையது. காங்கோ என்ற பெயரையும் அவர் விடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜார்ஜ் ஷாலர் என்ற இளம் ஆய்வாளர் 1959இல் விருங்கா எரிமலைப் பகுதியில் மலைக் கொரில்லாக்களின் அருகே ஆயுதமின்றி அமர்ந்து அவற்றைக் கவனிக்கத் தொடங்கினார். அவை கூச்ச சுபாவமுள்ளவை, குடும்பமாக வாழ்பவை, மார்பில் அறைவது பெரும்பாலும் மிரட்டலோடு நின்றுவிடும் என்று அவர் எழுதியது 1963இல் நூலாக வந்தது. அட்டைகளில் கொரில்லாக்கள் விமானங்களைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. அறிவியல் புனைவு என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் அன்றைய அறிவியலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முழநீளம்

சகோதரி தேன்சிட்டு சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அதோடு வரலாற்றுப் பின்னணி ஒன்றையும் சேர்க்கலாம். 1954இல் அமெரிக்காவில் வந்த காமிக்ஸ் தணிக்கை விதிகள், நடமாடும் பிணங்கள், இரத்தக் காட்டேரிகள், ஓநாய் மனிதர்கள் அனைவரையும் தடை செய்தன. கொரில்லாவைப் பற்றி விதிகளில் ஒரு வரியும் இல்லை. பயமுறுத்த வேண்டும், ஆனால் அனுமதி முத்திரையும் வேண்டும் என்றால் மிஞ்சியது குரங்கும் வேற்றுக்கோள் அரக்கர்களும்தான். கொரில்லா மோகத்தைத் தொடங்கிவைத்தது 1951இன் அந்தக் கூண்டு அட்டை. அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் சாகாமல் காத்தது தணிக்கை. ஜாக் கிர்பி 1960இல் 'டேல்ஸ் டு அஸ்டானிஷ்' இதழில் போர்னியோக் காட்டின் கோர்கில்லாவை வரைந்ததும் இந்த இடைவெளியில்தான்.

ஈரக்காடு பொறுப்பு என்று பேசியதால், டைட்டானோவை நினைவுபடுத்த விரும்புகிறேன். 1959 பிப்ரவரித் தேதியிட்ட 'சூப்பர்மேன்' 127ஆம் இதழ். ஆட்டோ பைண்டர் எழுதி வேய்ன் போரிங் வரைந்தது. சோவியத் ஒன்றியம் லைக்கா என்ற நாயை விண்ணுக்கு அனுப்பி ஓராண்டுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. கதையில் டோட்டோ என்ற பழக்கப்பட்ட சிம்பன்சியைச் செயற்கைக்கோளில் வைத்து அனுப்புகிறார்கள். யுரேனியம் விண்கல் ஒன்றும் சூப்பர்மேனின் வலுவைப் பறிக்கும் கிரிப்டோனைட் விண்கல் ஒன்றும் வழியில் மோதிக்கொள்ள, அந்தக் கதிர்வீச்சில் குளித்துத் திரும்பிய டோட்டோ இராட்சத உருவம் கொண்டு டைட்டானோ ஆகிறது. அதன் கண்களிலிருந்து கிரிப்டோனைட் கதிர் வீசுவதால் சூப்பர்மேனால் அருகே நெருங்கவும் முடியவில்லை.

அதைத் தீர்க்கும் விதம்தான் அழகு. சர்க்கஸ் பழக்கத்தில் மனிதர்கள் செய்வதை அப்படியே செய்து காட்டும் குணம் டோட்டோவுக்கு இருந்ததை சூப்பர்மேனின் தோழியான செய்தியாளர் லோயிஸ் லேன் நினைவில் வைத்திருக்கிறாள். தன் கண்ணுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி மாட்டிக்காட்டுகிறாள். அருகே ஈயம் கலந்த கண்ணாடி பதித்த இராட்சத மூக்குக்கண்ணாடி ஒன்று தயாராக வைக்கப்பட்டிருக்கிறது. குரங்கு பார்த்ததைச் செய்கிறது, எடுத்து மாட்டிக்கொள்கிறது, கதிர் அடைபட்டுப் போகிறது. உருவம் மலையளவு வளர்ந்தும் மனம் கூண்டில் வித்தை காட்டிய சிம்பன்சியாகவே இருக்கிறது. சூப்பர்மேன் அதைக் கொல்லாமல், காலத்தைக் கடந்து டைனோசர்களின் யுகத்தில் கொண்டுபோய் விடுகிறார். ஈரக்காடு தேடும் இரக்கம் டிசியின் வியாபாரத்துக்கு நடுவிலும் இருந்தது என்பதற்காகச் சொன்னேன்.

பழுப்பேடு

அமெரிக்காவிலேயே நிற்கிறீர்களே, பிரிட்டன் பக்கம் யாரும் வரவில்லையா? நம் வாசகர்களுக்கு நெருக்கமானது அந்தப் பக்கம்தான்.

1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி'யை இங்கே அறியாதவர் இருக்க முடியாது. அந்த மாயாவி 1962இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் பிறந்தவர். அதே வேலியண்டில் 1964இல் தொடங்கிய தொடர்தான் 'மைடெக் தி மைட்டி'. டாம் டல்லி எழுதினார். எரிக் பிராட்பரி வரைந்தார். ஆப்பிரிக்காவில் அகாரி என்ற கற்பனைப் பழங்குடியினர் வணங்கும் குரங்குத் தெய்வத்தின் உருவில், அவர்களை அடக்கி வழிக்குக் கொண்டுவருவதற்காகப் பேராசிரியர் பாய்ஸ் ஓர் இராட்சத இயந்திரக் குரங்கைக் கட்டுகிறார். கோக்ரா என்ற குள்ள உருவப் பாதகன் அதைக் கைப்பற்றிக்கொண்டு நாடு நகரங்களை நொறுக்கக் கிளம்புகிறான். தொடர் 1970 வரை ஓடியது.

சகோதரி தேன்சிட்டு பேசிய விஷயம் இதில் வெளிப்படையாகவே இருக்கிறது. மக்களின் தெய்வத்தை இயந்திரமாகச் செய்து அவர்களையே பணியவைப்பது என்பது பேராசிரியரின் திட்டம். அவரைக் கதை நல்லவர் என்றே காட்டுகிறது. கோக்ரா திருடியதும் அதே இயந்திரம் தீமையாகிவிடுகிறது. முதல் நோக்கம் மட்டும் எந்த விதத்தில் நன்மை என்று கதை தன்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

இத்தனைக்கும் பிராட்பரியின் கறுப்பு வெள்ளைப் பக்கங்கள் அபாரமானவை. வாரத்துக்கு ஓரிரு பக்கங்கள்தான் இடம் என்பதால், அந்தக் குறுகிய இடத்துக்குள் முன்கதையை நினைவூட்டி, ஒரு கட்டடத்தை இடித்து, அடுத்த வாரம் வரை மூச்சைப் பிடித்து வைக்கும் கட்டத்தில் நிறுத்த வேண்டும். மைடெக்கின் முகத்தை அவர் பெரும்பாலும் கீழிருந்து பார்ப்பது போல வரைவார். கண்களும் பற்களும் வெளிச்சத்தில், மற்றதெல்லாம் அடர்ந்த கறுப்பில். இயந்திரத்துக்கு உணர்ச்சி கிடையாது என்று தெரிந்தும் அந்த முகம் கோபத்தில் இருப்பதாகவே நமக்குத் தோன்றும்.

இன்னொரு செய்தி. நம் லயன் காமிக்ஸ் வாசகர்களின் செல்லப்பிள்ளையான இரும்பு மனிதன் ஆர்ச்சி, 1952இல் பிரிட்டனின் 'லயன்' இதழில் முதன்முதலாக வந்தபோது, தொடரின் பெயரே காட்டு இயந்திர மனிதன் என்ற பொருளில்தான் இருந்தது. இயந்திரத்தைக் காட்டுக்குள் இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்கும் ஆசை அவர்களுக்கு நெடுநாளாகவே இருந்திருக்கிறது.

குட்டிச்சுவர்

பேசும் கொரில்லாக்களை விட்டுவிட்டீர்களே. டிசியின் அதிவேக வீரன் ஃப்ளாஷின் எதிரி கிராட் இந்தக் கணக்கில் வரமாட்டாரா?

ஈரக்காடு

வருவார் என்பதா, மாட்டார் என்பதா என்று யோசித்தேன். கிராட் 1959இல் 'ஃப்ளாஷ்' 106ஆம் இதழில் அறிமுகமானவர். ஜான் புரூம் எழுதி கார்மைன் இன்ஃபான்டினோ வரைந்த கதை. ஆப்பிரிக்காவில் மனிதர் கண்ணுக்கு மறைந்த ஒரு கொரில்லா நகரம். அங்கே மனிதரைவிட முன்னேறிய அறிவியல். அதன் தலைவர் சோலோவார் நல்லவர், கிராட் மனவலிமையால் பிறரை ஆட்டிப்படைப்பவர். 1964இல் 'டூம் பேட்ரோல்' இதழில் வந்த மல்லா என்ற கொரில்லாவுக்குப் பிரெஞ்சு நாகரிகமே உண்டு. இவர்கள் எல்லோரும் வாய் பேசுபவர்கள். தம் பக்க நியாயத்தைத் தாமே சொல்லிக்கொள்ளத் தெரிந்தவர்கள். தேன்சிட்டு கேட்ட ஆப்பிரிக்க நகரத்தைக் கூட இவர்கள்தான் காட்டினார்கள். ஆனால் அந்த நகரத்தில் மனிதர் ஒருவர்கூட இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

கோங்காவுக்குப் பேச்சு இல்லை. அதன் மனத்தில் ஓடுவதைக் கில் கதைசொல்லியின் வரிகளில் நமக்குச் சொல்கிறார். கதைக்குள் இருக்கும் மனிதர்களுக்கு அது கேட்பதில்லை. இந்த ஏற்பாடுதான் தொடரின் உயிர். கோங்கா கை நீட்டுவது எதற்கு என்று வாசகனுக்குத் தெரியும். எதிரே துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாய்க்குத் தெரியாது. அந்தக் கைகளை டிட்கோ வரையும் விதத்தைப் பாருங்கள். மனிதர்களின் கைகள் விரல்கள் விறைத்து, அகல விரிந்து, பயத்தில் முகத்துக்கு முன்னால் எழும்பி நிற்கும். கோங்காவின் கை கனமாக, மெதுவாக, விரல்கள் பாதி மடங்கி இருக்கும். கட்டத்தின் அடியில் குண்டூசித் தலை அளவுக்கு மனிதர்கள் ஓடிக்கொண்டிருக்க, மேலே அந்த முகம் புருவத்தைச் சுருக்கி, என்ன நடக்கிறது என்று விளங்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஆத்திரத்தைவிடக் குழப்பமே அந்த முகத்தில் அதிகம்.

அச்சுக்கூடம் சொன்ன குறைந்த கூலியும், முழநீளம் சொன்ன வியாபாரமும், தேன்சிட்டு சொன்ன பொய்க்காடும் உண்மை. கோங்கா அவற்றுக்கு வெளியே நிற்கவில்லை. அதன் காடும் பொய்க்காடுதான். ஆனால் அதை ஊரைவிட்டுக் கொண்டுவந்து, ஊசி போட்டு, கொலைக்கு ஏவி, பிறகு பூதம் என்று சுட்ட மனிதர்களின் பக்கம் அந்தப் பக்கங்கள் சாயவில்லை. அறிவியல் புனைவு என்று நான் அழைப்பது அதைத்தான்.

தேன்சிட்டு

பேச்சில்லாத பாத்திரம் என்பதால் இரக்கம் வருகிறது என்கிறீர்கள். எனக்கு அதில் இன்னும் முழு உடன்பாடு இல்லை. அந்தக் கதைகளில் பேச்சு மறுக்கப்பட்டவர்கள் கோங்கா மட்டும் அல்லவே? உகாண்டாவின் மனிதர்களுக்கும் அங்கே பேச்சு இல்லை. குரங்குக்காவது கில் மனவோட்டம் எழுதினார். இருந்தாலும், டிட்கோவின் கைகளைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்த இதழ்களை மறுபடி எடுத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

புதுவரவு

மன்றத்துக்கு நான் புதியவன். டார்சானையும் மாயாவியையும் தவிர இந்த வகையில் வேறு எதையும் படித்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம் என்று பெரியவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

அச்சுக்கூடம்

தம்பி, பழைய இதழ்களைத் தேடிப் பணத்தை வீணாக்க வேண்டாம். டிட்கோ வரைந்த கோங்காக் கதைகள் 2013இல் கெட்டி அட்டைத் தொகுப்பாக ஐடிடபிள்யூ நிறுவனத்தின் வழியாக வந்தன. கிரெய்க் யோ தொகுத்தார். பழைய பக்கங்களின் அச்சைப் பார்த்துச் செய்தது என்பதால், ரிஜிஸ்டர் விலகிய இடங்களும் அதில் அப்படியே இருக்கும். அதே ஆண்டில் கோர்கோ என்ற கடல் அரக்கனின் தொகுப்பும் வந்தது. அதுவும் கில், டிட்கோ கூட்டணியின் வேலை. தாய் அரக்கி தன் குட்டியைத் தேடி லண்டனுக்கு வரும் கதை என்பதால், கோங்காவுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

முதல் கதை படத்தின் தழுவல். அதை வேகமாகத் தாண்டிவிடுங்கள். கில்லும் டிட்கோவும் தம் இஷ்டத்துக்கு ஓடவிட்டது அதற்கு அடுத்த கதைகளில்தான். படித்துவிட்டு ஹால்டேன் கணக்கை மட்டும் கணக்கன் ஐயாவிடம் கேட்காதீர்கள். இன்னும் நான்கு பதிவு எழுதுவார்.

கணக்கன்

நான்கு போதாது. இயந்திரக் குரங்கு மைடெக்கின் எடைக்கு ஆப்பிரிக்கச் சதுப்பு நிலம் தாங்குமா என்பதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.